மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டதில் நான் படித்துக்கொண்டவை

கீழ்வீட்டில் நாங்கள், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஆன நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகை மாதம் 12,000 ரூபாய், அட்வான்ஸ் 36,000. ஏழு மாதம் வாடகை வரவில்லை, அது 84,000. அட்வான்ஸைக் கழித்தால் கையைவிட்டுப் போனது 48,000. கட்டாமல் விட்டுப்போன ஈ.பி. பில் 6,400. காலி செய்த பிறகு பிளம்பிங், கதவு, பெயின்ட் வேலைக்கு 31,000. வேலை முடிந்து அடுத்தவர் வரும்வரை வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்ததில் 24,000. வக்கீலுக்கு 15,000. மொத்தம் 1,24,400 ரூபாய். பணத்தைவிட, சொந்த வீட்டு மாடிப்படியில் ஏறவே தயங்கிக்கொண்டு கழித்த அந்த மாதங்கள்தான் இன்னும் வலிக்கின்றன. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும் "பதினொரு மாச அக்ரிமென்ட் போட்டாச்சுல்ல, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அந்த வார்த்தையை நம்பியதுதான் முதல் தவறு. தமிழ்நாட்டில் புதிதாக வீட்டை வாடகைக்கு விடப் போகிறவர்களுக்காக, எந்த இடத்தில் எது கோளாறாகிறது, அதை முன்கூட்டியே எப்படி அடைப்பது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

டு-லெட் போர்டு மாட்டிய நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நமக்குப் பதற்றம் கூடும். அந்தப் பதற்றத்தில், பார்க்க வருகிறவர் அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸாக 5,000 ரூபாயை நீட்டினால், விசாரிக்காமல் வாங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கும் முன் செய்ய வேண்டிய விசாரணைக்கு இரண்டு நாள் போதும். வருகிறவர் இப்போது குடியிருக்கும் வீட்டின் ஓனரிடம் மட்டும் கேட்டால் பயனில்லை, அவரை எப்படியாவது காலி செய்யவைத்தால் போதும் என்றிருக்கும் ஓனர் நல்லபடியாகத்தான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டு ஓனரின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். அவருக்கு எந்த லாபநஷ்டமும் இல்லை என்பதால் உள்ளதைச் சொல்வார். கேட்க வேண்டியவை மூன்று: வாடகை எந்தத் தேதிக்கு வரும், காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள், மறுபடி அவருக்கே வீடு கொடுப்பீர்களா. மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும் முன் ஒரு சின்ன இடைவெளி விழுந்தாலே விஷயம் புரிந்துவிடும்.

சம்பளக்காரர் என்றால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சொந்தத் தொழில் என்றால் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், கடன் கொடுக்கும் எவரும் கேட்பதுதான். ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட நகல் போதும். அவருடைய முழு எண்ணை நாம் வைத்திருப்பது அவருக்கும் ஆபத்து, நமக்கும் பொறுப்பு. குடும்பத்துக்கு வெளியே ஒருவரின் தொடர்பு எண் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைதாரர் விவரத்தைப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். யார் யார் தங்கப் போகிறார்கள் என்பதைப் பெயர், வயதோடு அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பிறகு வரப்போகும் தண்ணீர்ப் பிரச்சினையில் அந்தத் தாள்தான் பேசும்.

இனி ஒப்பந்தம். பதினொரு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ஊர் முழுக்கப் பதினொரு மாதம் போடுகிறார்கள். ஆனால் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். எத்தனை மாத ஒப்பந்தம் ஆனாலும் கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை ஆணையரிடம் பதிய வேண்டும். வாடகை ஆணையர் என்பவர் துணை ஆட்சியர் நிலையிலான அதிகாரி. இதற்கென்றே அரசின் இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தத்தையும் இருவரின் பான், ஆதார் விவரங்களையும் ஏற்றினால் பதிவு எண் தருவார்கள். சார்பதிவாளர் பதிவு வேறு, இது வேறு. நோட்டரி முத்திரை இந்த இரண்டுக்குமே ஈடாகாது.

பதியாவிட்டால் என்ன ஆகும் என்பதை வக்கீல் மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் பத்திரமாகப் பீரோவில் பூட்டி வைத்திருந்த முத்திரைத் தாளை அவர் ஒரு முறை புரட்டிவிட்டு, "பதிவு எண் எங்கே?" என்று கேட்டார். சாட்சிக் கையெழுத்து, நோட்டரி முத்திரை எல்லாம் இருந்தும் எனக்குச் சொல்லப் பதில் இல்லை. வீடு நம்முடையது, உள்ளே இருப்பவர் வாடகை தரவில்லை, ஊருக்கே தெரியும். ஆனாலும் மேற்கொண்டு போகும் வழி நீண்டு, செலவு ஏறிக்கொண்டே போகும். கையெழுத்தான அன்றே, சாவி கொடுக்கும் முன்பே, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து விண்ணப்பத்தை ஏற்றிவிடுங்கள். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் சாவி வாங்கியவருக்கு அதில் அவசரம் இருக்காது.

அட்வான்ஸ் விஷயத்தில், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். சென்னையில் பத்து மாதம் வாங்கிய பழக்கம் இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. பெரிய அட்வான்ஸ் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அந்தப் பணத்தை நாம் செலவழித்துவிட்டால், காலி செய்யச் சொல்லவே வாய் வராது, திருப்பிக் கொடுக்க அடுத்தவருடைய அட்வான்ஸ் வந்தாக வேண்டும். மூன்று மாதம் வாங்கி, அதைத் தனியாக ஒரு வைப்புக் கணக்கில் போட்டு வைப்பதே என் முடிவு. அத்துடன் "அட்வான்ஸ் தொகையை மாத வாடகையில் கழித்துக்கொள்ளக் கேட்க முடியாது" என்ற வரியை ஒப்பந்தத்தில் கட்டாயம் சேருங்கள். எனக்கு ஒன்பதாவது மாதம் வந்த முதல் செய்தியே "அண்ணே, இந்த மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பதுதான். பாவம் என்று சரி சொன்னேன். மூன்று மாதத்தில் அட்வான்ஸ் தீர்ந்தது, அதற்குப் பிறகு என் கையில் பிடிமானம் எதுவும் இல்லை.

விதிகள் எழுதும்போது நான் செய்த தவறு, "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்", "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்" என்று பொதுவாக எழுதியது. எது சுத்தம், எது சிக்கனம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக ஒவ்வொரு விதியும் இருக்க வேண்டும். "படிக்கட்டிலும் நடையிலும் செருப்பு ஸ்டாண்ட், சைக்கிள், காலி சிலிண்டர் வைக்கக் கூடாது" என்று எழுதினால் அதில் தர்க்கத்துக்கு இடமில்லை. "இரவு 10 மணிக்கு மேல் மொட்டைமாடியில் துணி துவைக்கும் கல்லைப் பயன்படுத்த வேண்டாம்" என்பதும் அப்படித்தான். பொதுவாக எழுதிய விதி, மீறியவரைவிட அதைச் சுட்டிக்காட்டுபவரையே கெட்டவராக்கிவிடுகிறது.

தண்ணீரைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், மாடியும் கீழும் பகிரும் வீடுகளில் முக்கால்வாசிச் சண்டை அதில்தான். குடிநீர்த் திட்டங்களில் நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். கீழே மூன்று பேர், மேலே நான்கு பேர் என்றால் 945 லிட்டர். ஆயிரம் லிட்டர் ஓவர்ஹெட் டேங்க்கை ஒரு முறை நிரப்பினால் அன்றைய பொழுது போய்விடும். 4,000 லிட்டர் சம்ப் நான்கு நாள் தாங்கும். மேலே நான்கு பேர் என்று சொல்லி ஏழு பேர் ஆனால் 1,350 லிட்டர். டேங்க் மாலையிலேயே காலி, இரண்டாம் முறை மோட்டார், சம்ப் மூன்று நாள்கூட நிற்காது, லாரித் தண்ணீருக்குப் போன் போட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் இதே கணக்குதான் நடந்தது. ஊரிலிருந்து வந்த வாடகைதாரரின் தம்பி குடும்பம் "கொஞ்ச நாள்" என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டது. அதனால் ஒப்பந்தத்தில் தங்கும் ஆட்களின் பெயரோடு, "விருந்தினர் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தங்கினால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதற்கு மேல் தங்கும் ஒவ்வொருவருக்கும் மாதத் தண்ணீர்க் கட்டணம் இவ்வளவு" என்று தொகையோடு எழுதுங்கள். இன்னும் நல்லது, மாடிக்குத் தனி டேங்க், தனி கேட் வால்வு. டேங்க்கிலிருந்து மாடிக்குப் போகும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டரும் பொருத்திவிட்டால் பேச்சே தேவையில்லை, எண் சொல்லும்.

மின்சாரத்தில் ஒரே சர்வீஸில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது பரவலான பழக்கம். இதில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வரும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், இது யாருக்குச் சேரும் என்ற கேள்வி முதல் பில்லிலேயே எழும். அதோடு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடுதல் விலை வரும். இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் ஓடினால் 500 சுலபமாகத் தாண்டும். மாடிக்குத் தனிச் சமையலறை, தனி வாசல் இருந்தால் தனி சர்வீஸ் வாங்கிவிடுங்கள். பில்லை வாடகைதாரரே நேரடியாகக் கட்ட வேண்டும் என்று எழுதுங்கள், ஆனால் கட்டிவிட்டாரா என்று நீங்களும் பாருங்கள். மீட்டர் குறிப்பெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும், இணைப்பு நம் பெயரில் இருப்பதால் பாக்கி நம் தலையில்தான் நிற்கும். சர்வீஸ் எண்ணில் உங்கள் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து வைத்தால் பில் விவரம் உங்களுக்கும் வரும். வீட்டில் கடை, பட்டறை மாதிரி வேலை தொடங்கினால் வீட்டுக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாற்றுவார்கள், தவறான பயன்பாட்டுக்கு அபராதமும் வரலாம். "குடியிருப்புக்கு மட்டும்" என்ற வரி அதற்காகத்தான்.

"சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்பது எல்லா ஓனரும் போடும் விதி, எல்லா வீட்டிலும் மீறப்படும் விதி. சாமி படம், காலண்டர், கடிகாரம் எங்கேதான் மாட்டுவார்கள்? கடைப்பிடிக்க முடியாத ஒரு விதியைப் போட்டால், மற்ற விதிகளுக்கும் மதிப்புக் குறைகிறது. ஒவ்வோர் அறையிலும் ஏழடி உயரத்தில் ஒரு மரப்பட்டையைத் திருகி, அதில் ஆறேழு கொக்கி போட்டு விடுங்கள். ஜன்னலுக்குத் திரைக் கம்பியும், பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கொக்கியும் நீங்களே பொருத்திக் கொடுங்கள். அதற்குப் பிறகு, "மரப்பட்டை தவிர வேறு இடத்தில் துளை போட வேண்டுமானால் கேட்டுச் செய்ய வேண்டும், குளியலறை டைல்ஸில் துளை கூடவே கூடாது" என்று எழுதினால் நியாயமாக இருக்கும். குளியலறைச் சுவரில் போடும் துளைதான் உண்மையான ஆபத்து. டைல்ஸுக்குப் பின்னால் குழாய் ஓடுகிறது, அதில் டிரில் பட்டால் உடனே பீச்சியடிக்காமல் ஊசிமுனையளவு கசியவும் செய்யலாம். மாதக்கணக்கில் கசிந்து, அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் கொப்பளித்து உதிரும்போதுதான் தெரியும். என் 31,000 ரூபாயில் பெரும்பகுதி அந்த ஒரே ஒரு துளைக்குப் போனது. கட்டிலுக்குப் பின்னால் சுவர் உப்பிக் கிடந்ததை, கட்டிலை நகர்த்திய அன்றுதான் பார்த்தேன். விரலால் தொட்டதும் பூச்சு ஈரமாவு போல உதிர்ந்தது. வீடு கட்டும்போதோ குழாய் மாற்றும்போதோ சுவரில் குழாய், ஒயர் போகும் வழியைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால், அதன் ஒரு பிரதியை வாடகைதாரருக்கும் கொடுங்கள்.

ரிப்பேர் யார் பொறுப்பு என்பதை அந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையே பிரித்திருக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளருடையவை. குழாய் வாஷர், குழாய், வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், சாக்கெட், தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு எடுப்பது வாடகைதாரருடையவை. இதை அப்படியே ஒப்பந்தத்தில் இணைப்பாக வைத்துவிடுங்கள். குடிவரும் அன்று எல்லாக் குழாயும் சொட்டாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நம் கடமை. சொட்டுகிற குழாயோடு வீட்டைக் கொடுத்துவிட்டு "அது உங்க பொறுப்பு" என்று சொல்வது நியாயமில்லை. பெயின்டிங் சார்ஜ் என்று காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கமும் அப்படித்தான். வெள்ளையடிப்பு உரிமையாளர் பக்கத்தில் இருக்கும் வேலை. வேறு விதமாகப் பேசிக்கொண்டால், எத்தனை ஆண்டு தங்கினால் எவ்வளவு என்று முதல் நாளே தொகையாக எழுதிச் சம்மதம் வாங்குங்கள்.

போடக் கூடாத விதிகள் என்று நான் நினைப்பவையும் உண்டு. என்ன சமைக்கிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், என்ன சாதி, யார் பார்க்க வருகிறார்கள், பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பதெல்லாம் நம் கேள்வி அல்ல. நம் கட்டடத்தையும், தண்ணீரையும், பொதுவழியையும், பணத்தையும் தொடும் விஷயத்தில் மட்டுமே விதி போடும் உரிமை நமக்கு உண்டு. வீட்டைப் பார்க்க உள்ளே போவதற்கும் சட்டப்படி 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கீழேயே இருக்கிறோம் என்பதற்காக டேங்க் பார்க்கும் சாக்கில் அவர்கள் பால்கனி வழியே நடப்பது, நாம் வாடகைக்கு விட்ட இடத்தை நாமே மதிக்காதது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை முன்கூட்டிச் சொல்லிப் பார்வையிடுவது என்று எழுதி, அதன்படி நடங்கள். சீக்கிரமே அப்படிப் பார்த்திருந்தால் அந்தச் சுவர் ஈரம் எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மற்ற வரிகளை வேகமாகச் சொல்கிறேன். வாடகை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், யூபிஐயில் அனுப்பினால் "ஜூன் வாடகை" என்று குறிப்பு எழுத வேண்டும், தாமதத்துக்கு வட்டி இவ்வளவு. பணம் வந்ததும் ரசீது கொடுப்பது நம் கடமை. ஆண்டுக்கு உயர்வு எத்தனை சதவீதம் என்பதை முதல் நாளே எழுதுங்கள். உள்வாடகைக்கு விட எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. காலி செய்ய இரு தரப்புக்கும் ஒரே அளவு நோட்டீஸ், இரண்டு மாதம் சரியாக வரும். அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷன் விதிகளின் நகலையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்பதோடு.

சாவி கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இருவரும் அறை அறையாக நடந்து, கைப்பேசியில் ஒரே தொடர் வீடியோவாக எடுங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடி, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டு அணைத்து, ஃபிளஷ் அழுத்தி, சிங்க்குக்குக் கீழே கையை விட்டு ஈரம் இல்லை என்று காட்டி எடுக்க வேண்டும். ஈ.பி. மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்கள் தெளிவாகத் தெரியும்படி நிறுத்தி எடுங்கள். பிறகு பட்டியல்: ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, குழாய் எத்தனை, எந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி, எந்தக் கதவில் ஏற்கெனவே கீறல். ஏற்கெனவே உள்ள குறையை நாமே எழுதிக் கொடுத்தால் வருகிறவருக்கு நம்மேல் நம்பிக்கை வரும், அவர் செய்யாததற்கு அவரிடம் பணம் பிடிக்க மாட்டோம் என்று தெரியும். இரண்டு பிரதி, பக்கத்துக்குப் பக்கம் இருவர் கையெழுத்து. வீடியோவை அன்றே வாட்ஸ்அப்பில் அவருக்கும் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும்.

வாடகை நின்றபோது நான் மூன்று மாதம் வெறுமனே காத்திருந்தேன். நேரில் பார்த்தால் கேட்பது, அவர் "இந்த வாரம் கண்டிப்பா" என்பது, நான் தலையாட்டிவிட்டு இறங்கி வருவது. எதுவும் எழுத்தில் இல்லை. இப்போது ஒரு முறையை வைத்திருக்கிறேன். 6-ஆம் தேதி மரியாதையாக ஒரு செய்தி. 10-ஆம் தேதி, பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு, எந்த நாளில் தருவீர்கள் என்று எழுத்தில் பதில் கேட்பது. உண்மையான கஷ்டம் என்றால் மனிதர்கள் தேதி சொல்வார்கள், பாதியாவது தருவார்கள், அவர்களுக்குத் தவணை போட்டுக் கொடுப்பதில் தவறில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மாதப் பாக்கி ஏறிவிட்டால் தாமதிக்காமல் வக்கீல் மூலம், ஒப்புகை வரும் தபாலில் கேட்பு நோட்டீஸ் அனுப்புங்கள். அது கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால் அந்தக் காரணத்தை வைத்து வெளியேற்ற முடியாது, கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றும் மனு போடலாம். பதிவு எண் கையில் இருப்பவருக்கு இந்தப் பாதை நேரானது.

கோபத்தில் ஒரு நாள் மாடிக்குப் போகும் கேட் வால்வை மூடினேன். மாலையில் அந்த வீட்டுச் சின்னப் பையன் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு வால்வைத் திறந்துவிட்டேன், அன்றிரவு தூங்கவில்லை. அது மனிதத்தன்மை இல்லாத செயல் என்பது ஒரு பக்கம், சட்டப்படியும் தவறு. பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்த முடியாது. வாடகைதாரர் வாடகை ஆணையரிடம் புகார் கொடுத்தால் அதுவரை நம் பக்கம் இருந்த நியாயமும் போய்விடும். பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது, ஆள் வைத்து மிரட்டுவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். கடைசியில் எங்கள் விவகாரம், அவருடைய மாமனார் ஊரிலிருந்து வந்து பேசியதில் முடிந்தது. பாக்கி முழுவதையும் விட்டுக்கொடுத்துச் சாவியை வாங்கினேன்.

வரி பற்றிச் சுருக்கமாக: வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்டுங்கள். நீங்கள் அந்த ஆண்டு கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் ரசீது எதுவும் காட்டாமலே கழித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கும் வாடகைதாரர் உங்கள் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுப்பார், மறைத்துப் பயனில்லை. மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் வாடகைதாரர் 2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், 2024 அக்டோபருக்கு முன் அது 5 சதவீதமாக இருந்தது.

காலி செய்யும்போது, சாமான் ஏற்றிய பிறகு, வீடு வெறுமையாக இருக்கும் நேரத்தில்தான் கூட்டாகப் பார்வையிட வேண்டும். கட்டிலும் பீரோவும் இருக்கும்போது சுவர் தெரியாது. குடிவந்த நாள் வீடியோவை ஓடவிட்டு அதே வரிசையில் நடங்கள். பயன்பாட்டில் இயல்பாக மங்கியதற்குப் பணம் பிடிக்கக் கூடாது. உடைந்ததற்கும் துளையிட்டதற்கும் மட்டும், பில்லோடு பிடியுங்கள். ஈ.பி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பதால், அன்றைய மீட்டர் எண்ணைப் போட்டோ எடுத்து, கடைசிக் குறிப்பிலிருந்து ஓடிய யூனிட்டைக் கணக்கிட்டு அங்கேயே முடித்துவிடுங்கள். கேஸ் இணைப்பு, வங்கி, ஆதார் முகவரிகளை மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆண்டுக்கணக்கில் அவர் பெயருக்குத் தபாலும் கடன் வசூல் ஆட்களும் நம் வாசலுக்கு வருவார்கள். மீதி அட்வான்ஸைச் சட்டம் ஒரு மாதத்துக்குள் திருப்பச் சொல்கிறது. தனிக் கணக்கில் இருந்தால் அன்றே கொடுத்துவிடலாம், வங்கிவழி அனுப்பி, "கணக்கு முடிந்தது" என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள். இப்போது மாடியில் இருப்பவர்களிடம் இந்த முறையில்தான் எல்லாம் எழுதி வாங்கியிருக்கிறேன். ஒப்பந்தம் ஆறு பக்கம், இணைப்பு மூன்று பக்கம். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, விருந்தினர் கணக்கை 15 நாளிலிருந்து 20 நாளாக்கச் சொன்னார், அம்மா ஊரிலிருந்து வந்தால் அவ்வளவு நாள் இருப்பார் என்று. திருத்தி, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு, அன்று மாலையே பதிவுக்கு ஏற்றினோம். மறுநாள் காலையில்தான் சாவியைக் கொடுத்தேன்.